சீசனில் நீலகிரி: எந்தப் பகுதியில், எந்த நேரத்தில், என்ன சாப்பிடலாம்?

கேள்வி: மே மாதக் கோடை விழாவுக்கு ஈரோட்டிலிருந்து சொந்தக் காரில் மூன்று நாள் நீலகிரி வருகிறோம். பூங்காக்களையெல்லாம் முன்பே பார்த்தாகிவிட்டது. இந்த முறை ஊட்டியையும் சுற்றியுள்ள ஊர்களையும் அங்கங்கே உள்ள சாப்பாட்டின் வழியாகப் பார்க்க ஆசை. மாமியார் சுத்த சைவம். கணவருக்கு ஒரு வேளையாவது பிரியாணி வேண்டும். பிள்ளைகள் இருவர். சீசனில் பெரிய ஓட்டல்கள் நடத்தும் உணவுத் திருவிழாக்களுக்குப் போனால் போதுமா?

பதில்: போதாது. ஒரு வேளைக்குப் போகலாம். மீதி வேளைகளை ஊருக்குக் கொடுங்கள்.

ஊட்டி ஓட்டல் சமையலறைகளில் இருபது ஆண்டுகள் வேலை பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன். பலரும் முதலில் ஓட்டலைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு அங்கே போக வழி தேடுகிறார்கள். சீசனில் அப்படிச் செய்தால் மதியச் சாப்பாட்டுக்கு நான்கு மணி ஆகிவிடும். நீங்கள் முதலில் பகுதியையும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள். அந்த நேரத்தில் அந்தத் தெருக்காரர்கள் என்ன சாப்பிடுகிறார்களோ, அதையே நீங்களும் சாப்பிடுங்கள். இந்த மலைக்குப் பலரும் பல காலங்களில் பிழைப்புத் தேடி ஏறி வந்தார்கள். யார் எங்கே தங்கினார்கள் என்பதை அந்தந்தத் தெருவின் அடுப்பே சொல்லிவிடும்.

ஒரு விஷயம் உங்களுக்குச் சாதகம். மே மாத நெரிசலில் வழக்கமாக ஒருவழிப் பாதை அறிவிப்பார்கள்: மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுவது குன்னூர் வழியாக, இறங்குவது கோத்தகிரி வழியாக. இதை இடைஞ்சலாக நினைக்க வேண்டாம். முதல் நாள் மதியம் குன்னூர், இரண்டாம் நாள் முழுக்க ஊட்டி, மூன்றாம் நாள் மதியம் கோத்தகிரி என்று உங்கள் பயணத்தை அந்த ஏற்பாடே வகுத்துக் கொடுத்துவிடுகிறது. புறப்படுமுன் அந்த வாரத்துப் போக்குவரத்து அறிவிப்பை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை இருக்கிறது. 2025 கோடையில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் வைத்தார்கள். ஆகவே பாஸை முன்கூட்டியே எடுத்துவிடுவதும், முடிந்தால் வார நாட்களில் வருவதும் நல்லது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இங்கே தடை செய்யப்பட்டது. ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள். வழியில் தண்ணீர் ஏ.டி.எம்.களில் நிரப்பிக்கொள்ளலாம்.

ஏறும் வழியில் பர்லியார் வரும். மே மாதம் அங்கே பலாப்பழம் குவிந்து கிடக்கும். கடைத்தெருவில் நிறுத்தி ஆளுக்கு இரண்டு சுளை சாப்பிடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். இனிமேல்தான் வளைவுகள் இருக்கின்றன, பிள்ளைகள் வயிறு தாங்காது. அங்கிருந்து குன்னூர் வரை சாலையோரத்தில் எங்கும் வண்டியை நிறுத்தாதீர்கள். பலா பழுக்கும் காலத்தில் அந்தச் சரிவுக்கு யானைகள் வரும்.

குன்னூர் இரண்டு தட்டாக இருக்கும் ஊர். கீழே பஸ் நிலையம், ரயில் நிலையம், மார்க்கெட். மேலே பெட்போர்டு, சிம்ஸ் பூங்கா. மதியச் சாப்பாட்டைக் கீழேயே முடித்துவிடுங்கள். மார்க்கெட்டை ஒட்டிய மெஸ்களில் தோட்டத் தொழிலாளர்களும் கடைக்காரர்களும் வந்து போவதால் சோறு ஆறுவதற்குள் தீர்ந்துவிடும். மாமியாருக்கு அங்கே மேராக்காய்க் கூட்டு கிடைத்தால் நல்லது. நீங்கள் சௌசௌ என்று சொல்வது எங்களுக்கு மேராக்காய். அன்று காலையில் பறித்ததாக இருந்தால் அதற்குத் தனி இனிப்பு உண்டு. பிறகு மேலே ஏறி பேக்கரிகளைப் பாருங்கள். வெள்ளைக்காரர்களுக்காகத் தொடங்கிய பேக்கரித் தொழில் அவர்கள் போன பின்னும் அங்கே நின்றுவிட்டது. கிரவுன் பேக்கரி 1880 முதல் இருக்கிறது. பக்கத்திலேயே வெலிங்டன் ராணுவ முகாம் இருப்பதால் ரொட்டிக்கும் பன்னுக்கும் என்றும் ஆள் உண்டு. கேக் வகைகளில் முட்டை இருக்கும், மாமியாருக்கு வாங்குமுன் கேட்டுவிடுங்கள்.

இரண்டாம் நாள் ஊட்டியில் விடியற்காலை எழ வேண்டும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆறு மணிக்கெல்லாம் மெயின் பஜாருக்குப் போய்விடுங்கள். மாரியம்மன் கோயிலும் நகராட்சி மார்க்கெட்டும் அந்தப் பக்கம்தான். ஊர் பிழைப்புத் தொடங்குவதும் அங்கேதான். கேத்தி பாலாடா பக்கத்துத் தோட்டங்களில் நள்ளிரவு தாண்டியதுமே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கேரட் பிடுங்குவார்கள். அதை இயந்திரத்தில் போட்டுக் கழுவி, மூட்டை கட்டி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்புவார்கள். நீங்கள் பஜாரில் முதல் டீ குடிக்கும்போது அவர்களுக்குப் பாதி நாள் முடிந்திருக்கும்.

அந்த டீயோடு வர்க்கி வாங்குங்கள். ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அந்தப் பெயரில் விற்பதெல்லாம் ஒன்றல்ல. விறகு அடுப்பில் சுடும் பேக்கரியைத் தேடிப் போங்கள். தெருவில் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். மாஸ்டர் அனுமதித்தால் உள்ளே எட்டிப் பாருங்கள். பலகையில் மைதா மாவைத் துணி போல இழுத்து விரிப்பார். உள்ளங்கையால் நெய்யோ வனஸ்பதியோ தடவி, மடித்து, மறுபடி இழுப்பார். அந்த மடிப்புகள்தான் வெந்தபின் ஏடு ஏடாகப் பிரியும். அடுப்பிலிருந்து நீண்ட துடுப்பால் தட்டை வெளியே இழுத்ததும் எடுத்துக் கடித்தால் நடுவில் மெத்தென்றுதான் இருக்கும். ஆறினால்தான் நொறுங்கும். சூட்டோடு பையில் கட்டி வாங்கினால் ஆவியில் நமுத்துப் போகும். காகிதத்தில் திறந்தே வாங்குங்கள். ஊருக்குக் கொண்டுபோக வேண்டியதை மூன்றாம் நாள் காலையில், ஆறியதாகப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம். நெய்யா வனஸ்பதியா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம், நல்ல கடைக்காரர் மறைக்க மாட்டார்.

இட்லி, தோசை எங்கே நன்றாக இருக்கும் என்று மாமியார் கேட்பார். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். தண்ணீர் இங்கே 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு தீ வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது. அதனால்தான் பருப்பு வேக நேரமாகிறது, பிரஷர் குக்கர் இல்லாமல் இங்கே சமையலே இல்லை. குளிரில் இட்லி மாவும் இரவோடு இரவாகப் புளிக்காது. அனுபவமுள்ள சமையற்காரர் மாவுப் பாத்திரத்தை அடுப்படியில் கதகதப்பாக வைத்திருப்பார், அவசரக்காரர் சோடா உப்பு போட்டுவிடுவார். எனவே காலையில் உள்ளூர்க் கூட்டம் நிற்கும் இடத்தில் மட்டும் இட்லி சாப்பிடுங்கள். மற்ற இடங்களில் பூரி, பொங்கல், சூடான ரசம் என்று போவது பாதுகாப்பு.

கணவரின் பிரியாணியையும் மெயின் பஜார் பக்கத்திலேயே மதியம் பன்னிரண்டரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தெருக்களில் முஸ்லிம் வியாபாரக் குடும்பங்கள் நெடுங்காலமாக இருக்கின்றன. முதல் அண்டா திறக்கும் நேரம்தான் நல்ல நேரம்.

சேரிங் கிராஸ், கமர்ஷியல் சாலைக்கு அதிக நேரம் ஒதுக்க வேண்டாம். அங்கே சமையல் வெளியூர்க்காரர்களுக்காக. வடக்கிலிருந்து வருவோர் அதிகம் என்பதால் குஜராத்தி தாலியும் ஜெயின் உணவும் தாராளமாகக் கிடைக்கும், உங்கள் மாமியாருக்கு அது வசதிதான். சாக்லேட் வாங்கினால் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கோகோ வெண்ணெயில் செய்தது தானாகக் கரையும். தாவரக் கொழுப்பில் செய்தது மெழுகு போல மேலண்ணத்தில் ஒட்டும். முதல் வகையை ஈரோட்டு வெயிலுக்குக் கொண்டுபோவது கஷ்டம், இங்கேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

ஆட்சியர் அலுவலகம் பக்கம் கமிஷனர்ஸ் சாலையில் ஷின்கோஸ் என்ற சீன உணவகம் 1954 முதல் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பிடிக்கும். நீலகிரிக்கும் சீனர்களுக்கும் உள்ள தொடர்பு அதைவிடப் பழையது. 19-ஆம் நூற்றாண்டில் நடுவட்டத்தில், கொய்னா மருந்து தரும் சின்கோனா மரத் தோட்டங்களில் வேலை செய்யச் சீனக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். அந்த உணவகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் மேசையில் நூடுல்ஸ் வரும்வரை பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல கதை.

உணவுத் திருவிழாவை இரண்டாம் நாள் இரவுக்கு வைக்காதீர்கள். இரவில் நேரம் கழித்துப் போனால் இடம் கிடைக்காது, திரும்பிவர வண்டியும் நகராது. முதல் நாள் இரவு, ஊட்டியில் அறை எடுத்த கையோடு, ஏழு மணிக்கு முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிடுங்கள். மேசையை முந்தின நாளே போனில் பதிவு செய்யும்போது, இந்த மலையில் விளைந்ததை வைத்து இன்று என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள். ஒரு சீசனில் ‘மலைவாழ் விருந்து’ என்று பலகை வைத்த ஓர் ஓட்டலுக்கு விருந்தினரை அழைத்துப் போனேன். பன்னீர் பட்டர் மசாலாவும் பேபி கார்னும்தான் இருந்தன. அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. அன்றிலிருந்து கேட்காமல் யாரையும் அழைத்துப் போவதில்லை. அவரை, பட்டாணி, உருளைக்கிழங்கு, கீரை என்று பதில் வந்தால் போங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அந்தப் பணத்தை வேறு இரண்டு வேளைக்குச் செலவிடலாம்.

இரண்டாம் நாள் மாலை காந்தலுக்குப் போங்கள். குருசடித் திருத்தலம் இருக்கும் பகுதி. வீடுகள் நெருக்கியடித்து நிற்கும், சுற்றுலாக் கூட்டம் குறைவு. பனி இறங்கும் நேரத்தில் மிளகாய் பஜ்ஜியும் சுண்டலும் தெருவோரச் சட்டியில் இருந்து நேராகக் கைக்கு வரும். காரை விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் போய் வாருங்கள்.

கூடலூரை இந்த முறை விட்டுவிடச் சொல்கிறேன். சுமார் 50 கிலோமீட்டர் தூரம், போய்வரவே ஒரு நாள் ஆகும். கேரளத்துப் புட்டும் கடலையும், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பிவந்த தோட்டக் குடும்பங்களின் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் சேர்ந்த தனி உலகம் அது. அதற்கென்றே ஒரு முறை வாருங்கள்.

மூன்றாம் நாள் கோத்தகிரி. இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் முக்கியமானது இந்த மதியம்தான். சுற்றிலும் படுகர் ஹட்டிகள், அதாவது படுகர் மக்களின் ஊர்கள். படுகர் சாப்பாடு வீட்டுச் சாப்பாடு, ஓட்டல் பலகைகளில் அதிகம் பார்க்க முடியாது. கேழ்வரகுக் களியான எரிகிட்டு, அவரைக்கொட்டையும் உருளைக்கிழங்கும் போட்ட உதக்க, நெய் மணக்கும் பலகாரமான துப்பதிட்டு. உதக்க என்றால் குழம்பு. களியைக் கையால் உருட்டி, நடுவில் குழி செய்து, குழம்பில் தோய்த்து மெல்லாமல் விழுங்க வேண்டும். அவரையில் செய்தது உங்கள் மாமியாருக்கு எந்தச் சங்கடமும் இல்லாத சாப்பாடு. இதை நினைத்த நேரத்தில் வாங்க முடியாது. வீட்டுத் தங்குமிடம் நடத்துவோர் சிலர் சொல்லிவைத்தால் சமைத்துத் தருகிறார்கள். உங்கள் அறைக்காரரிடம் முதல் நாளே கேட்டு, இரண்டாம் நாள் காலைக்குள் ஆள் எண்ணிக்கையைச் சொல்லிவிடுங்கள், அவரைக்கொட்டையை ஊறவைக்க அவர்களுக்கு ஓர் இரவு வேண்டும். காரம் எவ்வளவு, சைவம் எத்தனை பேர் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.