பத்திரத்தில் உள்ள ‘பட்டுநூல்காரர்’ குடும்பப் பெயரா?

ஐயா, கொள்ளுத்தாத்தாவின் சேலம் கிரயப் பத்திரத்தில் காணும் ‘பட்டுநூல்காரர்’ என்பது குடும்பப் பெயரா என்று கேட்டிருந்தீர்கள். அது குடும்பப் பெயர் அன்று; சௌராட்டிர நெசவாளர் சமூகத்தைத் தமிழர் அழைத்த பெயர் அது. பழைய பத்திரங்களில் ‘இன்னார் குமாரர்’ என்பதை ஒட்டியே சாதியும் தொழிலும் எழுதப்பட்டதால், பெயரின் பகுதிபோலத் தோன்றுகிறது.

2011 கணக்கெடுப்பில் சௌராட்டிர மொழியைத் தாய்மொழியாகக் கூறியோர் ஏறத்தாழ 2.47 இலட்சம் பேர். மதுரையில் மிகுதி, சேலத்திலும் தலைமுறைகளாக வாழ்கின்றனர்.

உண்மையான வீட்டுப்பெயர் பெரும்பாலும் தலைப்பெழுத்துக்குள் ஒளிந்திருக்கும். இச்சமூகத்தைச் சேர்ந்த பாடகர் டி.எம்.சௌந்தரராஜனின் ‘டி’ தொகுளுவ என்னும் வீட்டுப்பெயர், ‘எம்’ தந்தை மீனாட்சி ஐயங்கார். எனவே கொள்ளுத்தாத்தாவின் கையெழுத்தில் இரண்டு தலைப்பெழுத்துகள் உள்ளனவா என்று முதலில் பாருங்கள். இருந்தால், முதல் எழுத்தின் விரிவை வீட்டு மூத்தவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.