எந்தப் புகாருக்கு எந்தக் காவல்துறை?

கேள்வி: ஸ்பெயின் சுற்றுலாவில் பாஸ்போர்ட்டும் கைப்பேசியும் திருடுபோனால் யாரிடம் போவது? அங்கே இரண்டு தேசியக் காவல்படைகள் இருக்கின்றனவாமே?

பதில்: ஊரைப் பொறுத்தது. மாட்ரிட், செவில்லா போன்ற நகரங்களில் போலிசியா நசியோனால். சிற்றூர்களிலும் கிராமங்களிலும் குவார்தியா சிவில். பார்சிலோனா என்றால் இரண்டுமே இல்லை. கத்தலோனியாவில் அன்றாடக் காவல் பணி மோசோஸ் தெஸ்குவாத்ரா என்ற மாநிலப் படையின் கையில். பாஸ்க் பகுதியில் அதே வேலையை எர்ட்சைன்ட்சா செய்கிறது. இப்போதே ஆபத்து என்றால் எந்த ஊரானாலும் 112. நேரடி எண்கள் வேண்டுமானால் போலிசியா நசியோனாலுக்கு 091, குவார்தியா சிவிலுக்கு 062.

நிலையத்தில் ‘தெனுன்சியா’ (புகார்) கொடுக்க வந்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். பாஸ்போர்ட் எண், கைப்பேசியின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் (ஒவ்வொரு கைப்பேசிக்கும் உரிய அடையாள எண்), நடந்த இடம், நேரம் ஆகியவற்றை முன்பே ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனால் பாதி வேலை முடிந்தது. மொழிபெயர்ப்பு உதவியும் புகாரின் சான்றளித்த நகலும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். 2015-ஆம் ஆண்டின் பாதிக்கப்பட்டோர் உரிமைச் சட்டம் அதை உறுதி செய்கிறது. தயங்காமல் கேளுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலில் பெயர். ஸ்பானியப் படிவத்தில் குடும்பப் பெயருக்கு இரண்டு கட்டங்கள் இருக்கும். தந்தை பெயரையோ இனிஷியலையோ அதில் இடம் மாற்றிப் போட்டுவிட்டால் தூதரகத்தில் சிக்கல் வரும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். அடுத்தது, ‘தொலைந்தது’ என்று எழுதியிருக்கிறதா, ‘திருடப்பட்டது’ என்றா. மூன்றாவது, குற்றத்தின் வகை. பையிலிருந்து நைசாக எடுத்தால் ‘உர்தோ’. மிரட்டிப் பிடுங்கினாலோ பூட்டை உடைத்தாலோ ‘ரோபோ’. பல பயணக் காப்பீடுகள் ‘ரோபோ’வுக்குத்தான் பணம் தருகின்றன. கையை முறுக்கிப் பறித்தார்கள் என்றால் அதைத் தெளிவாகச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். பொருளின் மதிப்பும் முக்கியம்: 400 யூரோவைத் தாண்டாத உர்தோ சிறு குற்றமாகவே கருதப்படும்.

வன்முறை இல்லாத, ஆள் யாரென்று தெரியாத திருட்டுக்கு போலிசியா நசியோனாலிடம் இணையத்திலேயே புகாரைப் பதிந்து வைக்கலாம். ஆனால் 72 மணி நேரத்துக்குள் நிலையத்துக்குப் போய்க் கையெழுத்திட வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

கேள்வி: குவார்தியா சிவில் ராணுவமா, போலீஸா?

பதில்: போலீஸ் வேலை செய்யும் ராணுவ அமைப்பு. நாட்டுப்புறச் சாலைகளில் வழிப்பறியை ஒடுக்க 1844-இல் அஹுமாதா கோமகன் உருவாக்கியது. இன்றும் ராணுவப் பதவிப் பெயர்கள்தான். பொதுப் பாதுகாப்புப் பணிகளில் உள்துறைக்கும், ராணுவப் பணிகளில் பாதுகாப்புத் துறைக்கும் கட்டுப்பட்டது. யாருக்கு எந்த வேலை என்பதை 1986-ஆம் ஆண்டுச் சட்டம் பிரித்துக் கொடுத்தது: ஊர்களுக்கு இடையிலான நெடுஞ்சாலைப் போக்குவரத்து, ஆயுத உரிமம், கடற்கரைக் காவல் எல்லாம் குவார்தியா சிவில், அடையாள அட்டை, பாஸ்போர்ட், வெளிநாட்டவர் விவகாரம் போலிசியா நசியோனால். அதனால் பார்சிலோனாவில் வசிக்கும் வெளிநாட்டவர்கூடத் தன் அடையாள அட்டைக்கு மோசோஸிடம் போக முடியாது.

கேள்வி: சிலியில் பச்சைச் சீருடைக்காரர்களைத் தவிர இன்னொரு போலீஸும் உண்டா?

பதில்: உண்டு. பச்சைச் சீருடையில் ரோந்து, போக்குவரத்து, அவசர அழைப்பு எல்லாம் பார்ப்பவர்கள் 1927-இல் அமைந்த கராபினேரோஸ், எண் 133. புலனாய்வும் எல்லையில் குடிவரவுச் சோதனையும் 1933-இல் உருவான பி.டி.ஐ. என்ற புலனாய்வுப் போலீஸ் வசம், எண் 134. விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைப் பார்ப்பவர் பி.டி.ஐ. ஆள். சாலை விதி மீறலுக்குக் கராபினேரோ நிறுத்தினால் பணத்தை நீட்டவே நீட்டாதீர்கள், அது தனிக் குற்றம்.

கேள்வி: ராணுவமே இல்லாத கோஸ்ட்டா ரிக்காவில் பாதுகாப்பை யார் பார்க்கிறார்கள்?

பதில்: 1948-இல் ராணுவத்தைக் கலைத்து, 1949 அரசியல் சாசனத்தின் 12-ஆம் பிரிவில் அதை உறுதி செய்தார்கள். தெருவில் காணும் சீருடைப் படை ஃபுவெர்சா பூப்லிகா. ஆனால் குற்றப் புலனாய்வு ஓ.ஐ.ஜே. என்ற நீதித்துறைப் புலனாய்வு அமைப்பிடம் இருக்கிறது. அது அமைச்சரவைக்குக் கீழே இல்லை, உச்ச நீதிமன்றத்துக்குக் கீழே இருக்கிறது. விசாரிப்பவர்களை ஆட்சியாளர்களிடமிருந்து விலக்கி வைத்த இந்த ஏற்பாடு என் பார்வையில் மிகவும் பாராட்டத்தக்கது. நடைமுறையில் ஒன்றை நினைவில் வையுங்கள்: 911-ஐ அழைத்தால் ஃபுவெர்சா பூப்லிகா வந்து நிற்கும், ஆனால் திருட்டுப் புகாரை ஓ.ஐ.ஜே. அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.

கேள்வி: மெக்சிகோவின் ஃபெடரல் போலீஸ் இன்னும் இருக்கிறதா?

பதில்: இல்லை. 2019-இல் குவார்தியா நசியோனால் என்ற தேசியக் காவல்படை அமைக்கப்பட்டு, பழைய படை கலைக்கப்பட்டது. அங்கும் ரோந்துக் காவலரிடம் நடந்ததைச் சொன்னால் மட்டும் புகார் பதிவாகாது. மினிஸ்தேரியோ பூப்லிகோ எனப்படும் அரசு வழக்குத் தொடுப்பவர் அலுவலகத்தில் பதிந்து, வழக்கு எண்ணோடு நகல் வாங்க வேண்டும். அவசரத்துக்கு 911, நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் 078.