எரித்துப் பார்த்த பிள்ளைக்கு எந்தப் படிப்பு?

அன்புள்ள அக்கா,

மகனின் மேற்படிப்பைப் பற்றிக் கேட்க முல்லைத்தீவில் இருந்து பஸ் ஏறி வந்து, "டொக்டருக்குப் படிக்க வைச்ச பிள்ளை குப்பையைப் பற்றிப் படிக்கப் போறன் எண்டு நிக்கிறான்" என்று கண் கலங்கினீர்கள். அன்றைக்கு வெளியே ஆட்கள் காத்திருந்ததால் ஆறுதலாகக் கதைக்க முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

தம்பி பேப்பரில் சுற்றி இரண்டு துண்டு கொண்டுவந்து என் மேசையில் வைத்தான், கவனித்தீர்களா? ஒன்று, கரையில் உடைந்து கிடந்த பைபர் வள்ளத்தின் ஓரம்; கண்ணாடி நாரைப் பிசினில் ஊறவைத்து இறுக்கிச் செய்வதுதான் அந்த வள்ளம். மற்றது, அதே வள்ளத்தில் ஒரு துண்டை மீன் வாடிக்குப் பின்னால் எரித்து மிஞ்சியது. பிசின் எல்லாம் கரும்புகையாகப் போக, கண்ணாடி நார் மட்டும் வெள்ளைத் துணி போல அப்படியே இருந்தது. ஆய்வுகூடத்திலும் 500 பாகைக்கு மேல் சூடேறிய உலையில் இதைத்தான் செய்கிறார்கள். எரிக்க முதல் ஒரு நிறை, எரித்த பிறகு ஒரு நிறை. நார் எவ்வளவு, பிசின் எவ்வளவு என்று தெரிந்துவிடும். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அந்த இடத்துக்கு வந்திருக்கிறான் உங்கள் மகன். எனக்கு உண்மையிலேயே சந்தோசமாக இருந்தது.

ஆனால் இனி எரிக்க விடாதீர்கள். அந்தப் புகையில் ஸ்டைரீன், காபனோரொட்சைட்டு என்ற நச்சுகள் இருக்கும். நார்த்தூள் பட்டால் தோல் அரிக்கும், கண்ணும் தொண்டையும் எரியும்.

உடைந்த பிளாஸ்டிக் வாளியை உருக்கலாம். வள்ளத்துப் பிசின் ஒருமுறை இறுகினால் திரும்ப உருகாது. புதைத்தால் உக்காது. அரைத்தால் மலிவான நிரப்பியாகத்தான் போகும். காற்றுப் படாமல் சூடாக்கிப் பிரித்தால், கண்ணாடி நாருக்குப் பதிலாகச் சில பொருட்களில் சேர்க்கிற காபன் நாரின் பலம் பெரும்பாலும் தப்பும், கண்ணாடி நாருக்கோ ஏறக்குறைய பாதி போய்விடும். சீமெந்துச் சூளையில் போட்டால் பிசின் நிலக்கரிக்குப் பதிலாக எரியும், கண்ணாடியில் உள்ள சிலிக்கா சீமெந்தோடு சேரும்; நார் திரும்பக் கிடைக்காது. மீள்சுழற்சி என்று பெயர் வைத்ததாலேயே அது சுற்றாடலுக்கு நல்லதாகிவிடாது, அக்கா. லொறிக்கு அடிக்கிற டீசலில் இருந்து சூளையின் புகை வரைக்கும் கணக்குப் பார்க்க வேண்டும். வாழ்க்கை வட்ட மதிப்பீடு என்பது அந்தக் கணக்குத்தான். தம்பி பழக வேண்டிய தொழிலும் அதுதான் என்பது என் எண்ணம்.

மன்னார்த் தீவில் 2020 கடைசியில் திறந்த தம்பபவனி காற்றாலைகள் 30. ஒன்றுக்கு மூன்று இறக்கை, ஒவ்வொன்றும் 60 மீற்றருக்கு மேல், அதிலும் நாரும் பிசினும்தான். இப்படியான இறக்கைகளுக்கு ஆயுள் 20 முதல் 25 வருசம். அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்தில் கழற்றிய இறக்கைகளை வெட்டி மண்ணில் புதைத்தார்கள். மன்னாரில் கழற்றும் காலம் வரும்போது தம்பிக்கு நாற்பது வயதாகியிருக்கும். என்ன செய்வது என்று சொல்ல அந்த நேரம் இந்த மண்ணில் ஒரு பிள்ளை இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

சரி, வழி. உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் எடுத்த பெறுபேற்றோடு வவுனியாப் பல்கலைக்கழகத்தின் சுற்றாடல் விஞ்ஞானத்துக்கு விண்ணப்பிக்கலாம். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசெட் புள்ளி காணாவிட்டால் கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது, அங்கே தொடங்கி என்.வி.கியூ. என்ற தேசியத் தொழிற்தகைமைப் படிகளில் ஏறி, பட்டத்துக்குச் சமமான 7ஆம் மட்டம் வரைக்கும் போக இடமுண்டு. வன்னியில் இந்தக் கழிவுக்கென்று தனி வேலை எதையும் நான் இன்னும் காணவில்லை, அதை உங்களுக்கு மறைக்க மாட்டேன். ஆனால் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும், புதுத் திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்கிறவர்களுக்கும் இந்தப் படிப்புள்ளவர்கள் தேவை. தொடக்கத்தில் அங்கே சேர்ந்துகொள்ளலாம்.

மருத்துவத்துக்கு இன்னொரு தரம் எழுதுவதா என்பதை அவனிடமே கேளுங்கள், நான் முடிவு சொல்ல மாட்டேன். இரசாயனவியலை மட்டும் எந்தப் பக்கம் போனாலும் விட வேண்டாம். அடுத்த முறை வரும்போது பெறுபேற்றுத் தாளைக் கொண்டுவாருங்கள். அந்த எரிந்த துண்டையும் பொலித்தீன் பையில் கட்டிக் கொண்டுவரச் சொல்லுங்கள், நிறுத்துப் பார்ப்போம்.