டோல்ல ஓடுற தராசு 29 டன்னுக்கு மேல காட்டுது, எடை மேடை சீட்டு 28 டன்னுங்குது, ஃபைன் கட்டணுமா?

நாமக்கல் பக்கத்துல இருந்து ஒரு லாரி ஓனர் கேட்டிருக்காரு. பத்து வீல் வண்டி, பெரம்பலூர்ல மக்காச்சோளம் லோடு, கோழித்தீவன மில்லுக்கு. ஏத்தின இடத்து எடை மேடை சீட்டுல 28,340 கிலோ, ஆர்.சி.ல (வண்டி பதிவுச் சான்று) லோடோட சேர்த்து அனுமதி 28,500 இருக்கு, சரியாத்தான் போயிருக்காரு. ஆனா வழியில டோல்ல ரோட்டுக்குள்ள பதிச்ச ஆட்டோமேட்டிக் தராசு, அதான் வண்டி ஓட ஓட எடை போடுற வே-இன்-மோஷன், 29,620ன்னு காட்டிருச்சு. இப்ப 22,000 ரூபாய்க்கு சலான். "கட்டிட்டு விட்டுடவா, கேஸ் போடவா?"ங்கறாரு.

கட்டிடாதீங்க, கொஞ்சம் பொறுங்க. கட்டிட்டா விஷயம் அதோட முடிஞ்சுது, அப்புறம் தராசு தப்புன்னு பேச இடமில்ல. ஃபைன் கணக்கு என்னமோ சரிதான், மோட்டார் வாகன சட்டம் 194வது பிரிவுல 20,000, அதுக்கு மேல கூடுதல் டன்னுக்கு 2,000, 2019 திருத்தத்துல வந்தது. வண்டிக்கு எவ்வளவு அளவுங்கறதுக்கு ஆர்.சி.தான் கணக்கு. 2018ல பத்து வீலுக்கு 25 டன்ல இருந்து 28.5 ஆக்கினாங்கல்ல, அதை நம்பி பழைய ஆர்.சி.ய வச்சுக்கிட்டு 28 டன் ஏத்திட்டு வந்து மாட்டினவங்கள நிறைய பாத்திருக்கேன். உங்களுக்கு அந்தப் பிரச்சனை இல்ல.

ரெண்டு எடைக்கும் வித்தியாசம் 1,280 கிலோ, சுமார் நாலரை சதவீதம். நிக்கிற வண்டிய மொத்தமா எடை போடுறது வேற, ஓடுற வண்டிய அச்சு அச்சா பிடிச்சு கூட்டுறது வேற. தராசு மேல போகும்போது டிரைவர் பிரேக் போட்டா பாரம் முன் அச்சுக்கு சாயும், ரோடு குண்டும் குழியுமா இருந்தா வண்டி துள்ளும். அதனாலதான் ஓடுற வண்டிய எடை போடுற கருவிக்கு ஓ.ஐ.எம்.எல். ஆர் 134ன்னு தனி சர்வதேச தரமே இருக்கு, அதுல துல்லியத்துக்கு வகை பிரிச்சிருக்காங்க, கிளாஸ் 5 மெஷின்னா வேலையில இருக்கும்போது 5 சதவீதம் வரைக்கும் பிழை அனுமதி. உங்க வித்தியாசம் அதுக்குள்ளயே அடங்கிடுது பாத்தீங்களா? அந்த டோல் மெஷின் எந்த கிளாஸு, தராசு சரின்னு அரசு முத்திரை எப்ப போட்டாங்க, இதைத்தான் முதல்ல கேக்கணும். பத்து ரூபாய் கட்டி ஆர்.டி.ஐ. போடுங்க, 30 நாள்ல பதில் தந்தாகணும். மோட்டார் வாகன விதி 167ஏ-ல எலக்ட்ரானிக் கருவி வச்சு சலான் போட்டா கருவி காட்டின அளவு, போட்டோ, எலக்ட்ரானிக் சாட்சியத்துக்கான சான்று எல்லாம் நோட்டீஸ்ல வரணும்னு இருக்கு. உங்களுக்கு வந்த பேப்பர்ல இதெல்லாம் இருக்கான்னு ஒண்ணொண்ணா பாருங்க.

அதே கேள்விய உங்க சீட்டு பக்கமும் திருப்புவாங்க. எடை மேடைக்கு வருஷா வருஷம் மறுமுத்திரை கட்டாயம், நம்ம ஊர்ல அது தொழிலாளர் துறை முத்திரை ஆய்வாளர் வேலை. அந்த மேடை முத்திரை காலாவதியா இருந்தா உங்க சீட்டு வெறும் காகிதம். எடை போட்டதுக்கு அப்புறம் டீசல் அடிச்சீங்களா? 300 லிட்டர்னா கால் டன். மழையில தார்பாய் நனைஞ்சுதா? டிரைவர்கிட்ட நேரா கேளுங்க, எனக்கு பொய் சொன்னா கோர்ட்ல நான்தான் முழிப்பேன்.

இதுல நீங்க எழுதாம விட்டது ஒண்ணு இருக்கு, எனக்கு அதுதான் முக்கியம். மில்லுல இறக்கும்போது லோடோட ஒரு தடவை, காலியா ஒரு தடவை எடை போட்டிருப்பாங்களே, அந்த சீட்டு எங்க? டோலுக்கு அப்புறம் நடுவுல எதுவும் இறக்கலைன்னா, அங்க 28,300 சொச்சம் இருந்தா உங்க கேஸுக்கு உயிர் வந்துரும். மில்லுக்காரன் காசு குறைக்க எடைய குறைச்சுத்தான் காட்டுவான்னு எதிர்ல வாதாடலாம், ஆனா சம்பந்தமில்லாத ரெண்டு தராசு ஒரே மாதிரி சொல்லுதுன்னா மாஜிஸ்திரேட் யோசிப்பாரு. ஒருவேளை மில்லுலயும் 29,500 வந்துச்சுன்னா சண்டை வேண்டாம், ஃபைன கட்டிட்டு ஏத்தின இடத்து மேடை மேல தொழிலாளர் துறைல புகார் கொடுங்க. ஓட்டினவர் மட்டுமில்ல, ஓட்ட வச்சவரும் அந்த 194ல வருவாரு, ஓவர்லோடு ஏத்தி அனுப்பினவர சும்மா விட வேண்டாம்.

இன்னொண்ணு, அடுத்த தடவை டோல்ல இப்படி காட்டினா டிரைவர் அங்கயே ஆபீசர்கிட்ட பக்கத்து எடை மேடையில நிறுத்தி எடை போடச் சொல்லி எழுதிக் கொடுக்கணும். அதே சட்டம் 114வது பிரிவுல, போற பாதையில 10 கிலோமீட்டருக்குள்ள இருக்கிற மேடைக்கு வண்டிய கொண்டு போகச் சொல்ல ஆபீசருக்கு அதிகாரம் இருக்கு. டிரைவர் தானா மாட்டேன்னு மட்டும் சொல்லிடக் கூடாது, எடை போட மறுத்தா அதுக்கு தனியா 40,000.

மில் சீட்ட போட்டோ எடுத்து அனுப்புங்க, பின்பக்கமும் சேர்த்து.