கிரியையினால் அல்ல என்றால் லெந்து நாட்கள் எதற்கு?

கேள்வி: "சமீபத்தில்தான் ஒரு லுத்தரன் சபைக்குப் போக ஆரம்பித்திருக்கிறேன். இரட்சிப்பு கிரியையினால் (நம் நற்செயல்களால்) அல்ல, விசுவாசத்தினால் என்று எப்போதும் சொல்கிறார்கள். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து வந்ததும் உபவாசம், வாரநடு ஆராதனை என்கிறார்கள். இது முரண் இல்லையா? ஞாயிறு மட்டும் போனால் போதாதா?"

முரண் இல்லை. ஆனால் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று ஊகிக்க முடிகிறது. லெந்து தொடங்கும் நாளான சாம்பல் புதன் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது யாரோ உங்களிடம், "இந்த லெந்துக்கு நீங்க எதை விடப்போறீங்க?" என்று கேட்டிருப்பார். சொல்ல ஒன்றும் இல்லாமல் நின்றிருப்பீர்கள். என்னையும் வருடா வருடம் கேட்கிறார்கள். இனிப்பை விட்டேன், செல்போனை விட்டேன் என்று ஊரறியச் சொல்லும் கூட்டம் ஒவ்வொரு சபையிலும் உண்டு. சாம்பல் புதன் அன்று வாசிக்கப்படுகிற மத்தேயு 6-ம் அதிகாரத்தில், "மாயக்காரரைப்போல முகவாடலாய் இராதேயுங்கள்" என்றுதான் இருக்கிறது. அதைக் கேட்ட காதோடு வெளியே வந்து இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். சரி, விடுங்கள்.

நான் வேதசாஸ்திரம் படித்தவன் இல்லை. சபைக் குழுவில் பல வருடம் பொருளாளராக இருந்தவன், அவ்வளவுதான். "இதைச் சொல்ல இவர் யார்" என்பவர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். ஞானோபதேசத்தை, அதாவது விசுவாசத்தைக் கேள்வி பதிலாகக் கற்றுத்தரும் நூலை, ஒழுங்காகப் படித்தவன் என்ற தகுதி எனக்கு உண்டு.

உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அந்த ஞானோபதேசத்திலேயே இருக்கிறது. 1529-ல் ஜெர்மானியச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில், திருவிருந்தைப் பற்றிய பகுதியில், உபவாசமும் சரீர ஆயத்தமும் நல்ல வெளி ஒழுங்குதான் என்கிறார். அதே மூச்சில், உண்மையாகவே ஆயத்தமானவர் யாரென்றால் "உங்களுக்காக" என்ற வார்த்தையை விசுவாசிக்கிறவர்தான் என்றும் சொல்லிவிடுகிறார். உபவாசத்தைத் தூக்கி எறியவும் இல்லை, தலைமேல் வைத்துக் கொண்டாடவும் இல்லை. லுத்தரன் சபைகளின் அடிப்படை அறிக்கையான 1530-ன் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, 26-ம் பிரிவில் இதையே விரித்துச் சொல்கிறது. சரீரத்தை அடக்கிப் பழக்குவது நல்லது, ஆனால் அதைக் கொடுத்துக் கிருபையை வாங்கலாம் என்று நினைக்கக் கூடாது. ஆகவே நீங்கள் உபவாசம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் லுத்தரன்தான். "அப்படியானால் இஷ்டத்துக்கு இருக்கலாமா" என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. 1517-ல் லுத்தர் வெளியிட்ட 95 கருத்துகளில் முதலாவதே, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான். லெந்தோடு முடிகிற காரியம் இல்லை அது.

பிறகு லெந்து எதற்கு என்றால், என் அனுபவத்தில், சேர்ந்து உட்கார்ந்து, கிறிஸ்து பட்ட பாடுகளின், சிலுவை மரணத்தின் வரலாற்றைக் கேட்பதற்கு. "சேர்ந்து" என்பதில்தான் சிக்கல் எல்லாம் வருகிறது.

1522-ல் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். லுத்தர் வார்ட்பர்க் கோட்டையில் மறைந்திருந்த காலத்தில் அவருடைய ஊரான விட்டன்பர்க்கில் சீர்திருத்தக்காரர்கள் வேகமெடுத்துவிட்டார்கள். படங்களை உடைப்பது, ஆராதனை ஒழுங்கை அவசர அவசரமாக மாற்றுவது, உணவு விதிகளை மீறிக் காட்டுவது என்று ஊரே இரண்டுபட்டது. லுத்தர் திரும்பி வந்து, லெந்தின் முதல் ஞாயிறான மார்ச் 9 தொடங்கி அடுத்த ஞாயிறு வரை எட்டு நாளும் பிரசங்கம் செய்தார். அவர் அவர்களுடைய கொள்கையைத் தப்பென்று சொல்லவில்லை. உங்களிடம் அன்பைக் காணோமே என்றுதான் கடிந்துகொண்டார். பலவீனமான சகோதரன் பின்னால் தடுமாறி வரும்போது நீ மட்டும் ஓடினால் என்ன பிரயோஜனம் என்று கேட்டார். சுதந்திரம் இருக்கிறது என்பதற்காகப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனை மிதிக்காதே. லெந்து பிரசங்கம் என்றால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

இனி என் கதை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சபையில் ஒரு கட்டத்தில் வாரநடு ஆராதனைக்கு வருகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆயர், ஆர்கன் வாசிப்பவர், கோயிலைத் திறந்து பூட்டுகிறவர், வேறு வழியில்லாத குழு உறுப்பினர்கள். நிறுத்திவிடலாமா என்றுகூடப் பேச்சு வந்தது. அப்போது வந்த ஆயர் ஒரு யோசனை சொன்னார். புதன்கிழமைகளில் பிரசங்கமே வேண்டாம். லுத்தரின் நண்பர் புகன்ஹாகன் நான்கு சுவிசேஷங்களையும் ஒன்றாகக் கோத்து, பாடுகளின் வரலாற்றை ஒரே தொடர்ச்சியாகத் தொகுத்து வைத்தார். லுத்தரன் சபைகள் தலைமுறை தலைமுறையாக அதைப் பகுதி பகுதியாக லெந்தில் வாசித்து வந்திருக்கின்றன. நாமும் அப்படி வாசிப்போம், ஒரு பாட்டு, கொஞ்சம் மௌனம், ஒரு ஜெபம், அது போதும் என்றார்.

இதுவரை யாரும் எதிர்க்கவில்லை. யார் வாசிப்பது என்பதில்தான் அவர் குண்டைப் போட்டார். சபை அட்டவணையில் உள்ள பெயர்களைச் சீட்டு எழுதிப் போட்டு இரண்டிரண்டு பேராக எடுப்பது. ஒருவர் வாசிக்க வேண்டும், மற்றவர் ஜெபம் செய்ய வேண்டும். முன்னதாக ஒருவர் வீட்டில் உட்கார்ந்து இருவரும் சேர்ந்து வாசித்துப் பார்க்க வேண்டும். நன்றாக வாசிப்பவர்களுக்குத் தனிச் சலுகை கிடையாது.

எனக்கு யாரோடு விழுந்தது தெரியுமா? பொதுக்குழுவில் என்மேல் கணக்குக் கேட்ட மனிதரோடு.

பின்னணியைச் சொல்லாவிட்டால் புரியாது. கோயில் கூரை வேலை நடந்த வருடம், சபையார் அத்தனை பேர் முன்னிலையிலும் அவர் எழுந்து, "செலவுக்கும் ரசீதுக்கும் இடையில ஏதோ உதைக்குதே" என்றார். திருட்டு என்று சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் அப்படித்தான் கேட்டது. கணக்கு சரியாக இருந்தது. தணிக்கை செய்தவரும் சரி என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை. திருவிருந்துக்கு அவர் ஒரு பக்கம் வந்தால் நான் மறுபக்கம் போவேன். சகோதரனிடம் ஒப்புரவாகிவிட்டு வா என்ற வசனத்தை யாரும் எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டாம், எனக்கும் தெரியும். பேச்சை நிறுத்தியது நான் இல்லை.

எங்களுக்கு வந்த பகுதி, பிரதான ஆசாரியன் காய்பாவின் வீட்டில் இயேசுவை விசாரித்த விசாரணை. அநேகர் பொய்ச்சாட்சி சொன்னார்கள், ஆனால் சாட்சிகள் ஒவ்வவில்லை என்று வருமே, அந்த இடம். சீட்டு எடுத்துப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கப் போவதில்லை. அவர் வாயாலேயே அதை வாசிக்கட்டும் என்று நினைத்தேன்.

என் வீட்டுக்குத்தான் வந்தார். புத்தகத்தைக் கொடுத்தேன். தூரத்தில் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார், மூடி வைத்துவிட்டார்.

"இந்த எழுத்தைப் படிக்க முடியாது பொருளாளர். கண்ணுல புரை. ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிருக்கு."

"அப்ப நான் வாசிக்கிறேன், நீங்க ஜெபம் பண்ணுங்க."

"சபையில நின்னு ஜெபமா? எனக்குக் கேள்வி கேட்கத்தான் வரும்."

சிரிப்பு வந்துவிட்டது. வேறு என்ன செய்ய? ஸ்கெட்ச் பேனாவை எடுத்து, பகுதி முழுவதையும் பெரிய பெரிய எழுத்தில் தாள் தாளாக எழுதினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எழுத எழுத வாங்கி உரக்க வாசித்துப் பார்த்தார். பொய்ச்சாட்சி வசனத்தையும் நிறுத்தாமல்தான் வாசித்தார். பக்க எண் போடும்போது மட்டும் குனிந்து பார்த்துவிட்டு, "உங்க ஏழு ஒண்ணு மாதிரியே இருக்கு. அன்னைக்கும் அதுலதான் எனக்குச் சந்தேகம் வந்துச்சு" என்றார்.

என் ஏழு ஏழு மாதிரிதான் இருக்கும். இருந்தாலும் நான் வாதாடவில்லை. பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கற்பனைக்கு (லுத்தரன் கணக்கில் எட்டாவது) லுத்தர் எழுதிய விளக்கத்தை ஞானோபதேச வகுப்பில் எல்லோரும் ஒப்பித்திருக்கிறோம். பிறனைப் பற்றி அவதூறு பேசாதே என்பதோடு விடாமல், அவனுக்காகப் பரிந்து பேசு, அவன் செய்வதையெல்லாம் நல்லவிதமாகவே எடுத்துக்கொள் என்கிறார். அதன்படி, அந்த ஏழு பேச்சை அவர் கேட்ட மன்னிப்பாக நான் எடுத்துக்கொண்டேன். அவர் அப்படி நினைத்துச் சொன்னாரா என்பது அவருக்கும் கர்த்தருக்கும் தெரியும்.

புதன்கிழமை என் கையெழுத்தை வைத்துக்கொண்டு அவர் நின்று வாசித்தார், நான் ஜெபம் செய்தேன். பிற்பாடுதான் பாடுகளைத் தியானிப்பது பற்றி லுத்தர் 1519-ல் செய்த பிரசங்கத்தைப் படித்தேன். தப்பான தியானங்களைப் பட்டியல் போடும்போது அவர் முதலில் சொல்வதே யூதாஸ் மேலும் யூதர்கள் மேலும் கோபப்பட்டுக்கொண்டிருப்பதைத்தான். அடுத்து, சிலுவைச் சின்னத்தை ஆபத்துக்குக் காப்பாக வைத்துக்கொள்வது. அப்புறம், ஐயோ பாவம் என்று கிறிஸ்துவுக்காக அழுதுவிட்டுப் போவது. இந்தப் பாடுகளை உண்டாக்கியது உன் பாவம் என்று நடுங்கு, பிறகு அந்தப் பாவத்தை அவர்மேல் போட்டுவிட்டு அவருடைய அன்பான இருதயத்தைப் பார் என்கிறார். நல்லவேளை அதை நான் முன்பே படிக்கவில்லை. சீட்டு எடுத்த அன்று வந்த சந்தோஷமும் போயிருக்கும்.

அதற்குப் பிறகு நாங்கள் நெருங்கிய நண்பர்கள் ஆகிவிடவில்லை. இன்றும் பொதுக்குழுவில் அவர் எழுந்து கேள்வி கேட்பார். ஆனால் முந்தின நாள் எனக்குப் போன் போட்டு, "இதைக் கேட்கப்போறேன், பதில் இருக்கா?" என்பார். நான் பொறுப்பை விட்டு எவ்வளவோ காலமாயிற்று, ஆனாலும் அவருக்கு நான் பொருளாளர்தான்.

எல்லா ஜோடிக்கும் இப்படி நடக்கவில்லை. ஒரே குடும்பத்தில் மாமியாரும் மருமகளும் சேர்ந்து விழுந்து, அது இன்னும் பெரிய சண்டையில் முடிந்தது. சிலர் வீட்டில் கூடாமலே நேராக வந்து தப்புத் தப்பாக வாசித்தார்கள். பள்ளிக்கூடம் மாதிரி இருக்கிறது என்று குறை சொன்னவர்களும் உண்டு. ஆனால் கூட்டம் சேர்ந்தது. வாசிப்பவர்களின் பிள்ளைகள், அண்டை வீட்டார் என்று யாராவது வந்துகொண்டே இருந்தார்கள். லுத்தர் எழுதிய இன்னொரு விசுவாச அறிக்கையான 1537-ன் ஸ்மால்கால்ட் பிரிவுகளில், சுவிசேஷம் நம்மிடம் வந்துசேரும் வழிகளை அவர் வரிசையாகச் சொல்வார்: பிரசங்கம், ஞானஸ்நானம், திருவிருந்து, பாவமன்னிப்புக் கூறும் அதிகாரம், கடைசியாகச் சகோதரர்கள் ஒருவரோடொருவர் பேசித் தேற்றிக்கொள்வது. முதல் நான்குக்கும் ஆளும் இடமும் நேரமும் வைத்திருக்கிறோம். ஐந்தாவதை ஆராதனை முடிந்து வாசலில் நின்று பேசும் பேச்சுக்கு விட்டுவிட்டோம்.

பெரிய எழுத்து என்றதும் இதையும் சொல்லியாக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். கண் தெரியாதவர்களுக்காக என்று சொல்லிச் சபையில் திரை மாட்டினார்கள். நல்ல எண்ணம்தான். இப்போது என்ன நடக்கிறது? ஒரு தடவைக்கு இரண்டு வரி. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பையன் பாட்டைக் கேட்காமல் வேறு எங்கோ பார்க்கிறான். சபை மூன்றாவது வரிக்கு வந்துவிடும், திரையில் முதல் வரியே நிற்கும். ஐந்து சரணத்தில் மூன்றை "நேரமில்லை" என்று வெட்டிவிடுகிறார்கள். பாடுகளின் பாட்டில் முதல் சரணத்தில் நாம் சிலுவையின் கீழே நிற்போம், கடைசிச் சரணத்தில்தான் நம் சாவு நேரத்தில் அவர் பக்கத்தில் நிற்பார். கடைசியை வெட்டிவிட்டால் பாட்டில் என்ன மிச்சம்? புத்தகம் கையில் இருந்தால் பாடாத சரணத்தையாவது கண்ணால் படிக்கலாம். புத்தகங்களை எல்லாம் கட்டி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். எழுதிக் கொடுத்துப் பார்த்தேன், பதில் இல்லை. நான் புதுமைக்கு விரோதி என்று இதைப் படிக்கும் இளைஞர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். திரையும் இருக்கட்டும், புத்தகமும் இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

சரி, ஞாயிறு மட்டும் போதாதா என்று கேட்டிருந்தீர்கள். சாம்பல் புதனிலிருந்து உயிர்த்தெழுதலுக்கு முந்தின சனி வரை எண்ணினால் 46 நாள். ஞாயிறு ஒவ்வொன்றும் உயிர்த்தெழுதலின் நாள் என்பதால் அந்த ஆறையும் கழித்துத்தான் 40 என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். நீங்கள் ஞாயிறு மட்டும் போனால், கணக்குப்படி லெந்துக்கே வரவில்லை. பொருளாளராக இருந்தவன் சொல்கிறேன், கணக்கு சரிதான்.

வாரநடு ஆராதனைக்குப் போங்கள். வாசிக்கப் பெயர் கேட்டால் கொடுத்துவிடுங்கள். யாரோடு சேர்த்துப் போட்டாலும் மாற்றிக் கேட்காதீர்கள். பீடத்தில் ஊதாத் துணி போட்டிருக்கும், அல்லேலூயா பாட மாட்டார்கள். பழக்கத்தில் உங்கள் வாயில் வந்துவிட்டாலும் கவலைப்படாதீர்கள், எங்கள் ஆர்கன்காரருக்கே வருடத்துக்கு ஒரு தடவை வந்துவிடும்.