காரைக்குடியைச் சுற்றி இவ்வளவு நிலம் தரிசாகக் கிடப்பது ஏன்? விவசாயிகள் சோம்பேறிகளாகிவிட்டார்களா?

ஜெர்மன் பொருளியலாளர் வான் தூனனை மேற்கோள் காட்டி, "நகரத்துக்கு அருகில்தானே தீவிர விவசாயம் நடக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். புவியியல் மாணவராகவோ போட்டித் தேர்வுக்குப் படிப்பவராகவோ இருப்பீர்கள். காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சீமைக்கருவேலத்தையும் மனைக்கற்களையும் பார்த்திருப்பீர்கள். அதெல்லாம் சரி. 'சோம்பேறிகள்' என்ற சொல்தான் இரவு முழுவதும் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தத் தரிசில் ஒன்றரை ஏக்கர் என் அப்பா உழுத நிலம்.

வான் தூனன் 1826-இல் எழுதியது ஒரே சந்தை, ஒரே மாதிரி மண் கொண்ட ஒரு கற்பனை நாட்டைப் பற்றி. நகரை ஒட்டிப் பாலும் காய்கறியும், அடுத்து விறகுக் காடு, பிறகு தானியம், கடைசியில் மேய்ச்சல். நகரமே வளர்ந்து வயலுக்குள் வந்தால் என்ன ஆகும் என்பதை 1967-இல் புவியியலாளர் ராபர்ட் சின்க்ளேர் எழுதினார். மனையாக விற்கும் என்ற எதிர்பார்ப்பு வந்ததும், நகருக்கு மிக அருகில் இருக்கும் நிலத்தில்தான் யாரும் முதல் போட மாட்டார்கள். அதுவே முதலில் சும்மா கிடக்கும். உங்கள் பாடத்தில் அந்தப் பக்கம் விட்டுப்போயிருக்கிறது.

இனி எங்கள் கதை. எங்கள் வயல் கண்மாயின் கடைமடையில் இருக்கிறது. வானம் பார்த்த செம்மண். புரட்டாசியில் புழுதியில் விதைத்துவிட்டு ஐப்பசி மழைக்குக் காத்திருக்க வேண்டும். 2016-இல் அப்பா அப்படித்தான் விதைத்தார். ஒரு மழையில் முளைத்தது, அதோடு சரி. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைவு. கார்த்திகையில் நான் ஊருக்குப் போனபோது அப்பா வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு நாற்றைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். வேர் ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை, நுனி கருகியிருந்தது. "இது தண்ணீரைத் தேடிப் பார்த்திருக்கிறது, தம்பி" என்றார். வேறு எதுவும் பேசவில்லை.

2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. நிவாரணம் கேட்டு அலுவலகத்துக்குப் போனால், "பட்டா உங்கள் பெயரில் இல்லையே" என்றார்கள். தாத்தா காலத்துக் கூட்டுப்பட்டா. பதினோரு வாரிசுகள், இரண்டு பேர் மலேசியாவில், ஒருவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. நாற்பது ஆண்டு உழுதவருக்கு ஒரு காகிதம் இல்லை. உட்பிரிவுக்கு அப்பா எத்தனை முறை நடந்தார் என்பதை எழுத ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது.

அதன் பிறகும் 2017-இல் பாதி வயலில் விதைத்தார். அடுத்த ஆண்டு மேல்மடைப் பக்கத்து வயல்கள் மனைகளாயின. லாரி லாரியாகக் கிராவல் கொட்டினார்கள், அதில் எங்கள் வாய்க்கால் மூடிப்போனது. கண்மாயில் தண்ணீர் இருந்தும் எங்கள் வயலுக்கு வர வழியில்லை. நாலு பக்கமும் விதைத்திருந்தால் மயிலும் மாடும் பரவலாக மேயும். நடுவில் ஒரு வயல் மட்டும் பச்சையாக இருந்தால் அத்தனையும் அங்கேதான் இறங்கும். ஒருவர் தரிசு போட்டால் பக்கத்து வயலையும் அது இழுத்துக்கொண்டு போகும். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, பார்த்தேன்.

அரசுக் கணக்கில் அந்த ஆண்டு மட்டும் விதைக்காதது 'நடப்புத் தரிசு'. ஓராண்டுக்கு மேல் ஐந்தாண்டுக்குள் என்றால் 'இதர தரிசு'. அதையும் தாண்டினால் 'சாகுபடிக்கேற்ற தரிசு'. எங்கள் நிலம் இந்த மூன்றையும் கடந்துவிட்டது. எந்த வகையிலும் காரணம் எழுதக் கட்டம் கிடையாது.

டென்மார்க் பொருளியலாளர் எஸ்தர் போசரப் 1965-இல் சொன்னதையும் படித்திருப்பீர்கள்: மக்கள் பெருகப் பெருக நிலத்தைத் தரிசு விடும் காலம் குறையும், உழைப்பு கூடும். இங்கே அது தலைகீழாக நடக்கிறது. இளையவர்கள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். நூறு நாள் வேலையால்தான் ஆள் இல்லை என்று சிலர் கீழே எழுத வருவீர்கள். எங்கள் தெருவில் அந்தக் கூலியில்தான் மூன்று கிழவிகள் சாப்பிடுகிறார்கள், அதைக் குறை சொல்ல நான் ஆளில்லை.

இந்த மண்ணை நம்ப முடியாது என்று கணக்குப் போட்டவர்கள் நாங்கள் மட்டும் அல்ல. செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் கடல் தாண்டிப் பணத்தைப் பர்மாவின் ஐராவதி டெல்டா நெல் வயல்களில் கடனாக இறக்கினார்கள். நெல் விலை சரிந்து கடன்கள் மூழ்கியபோது நிலம் அவர்கள் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 சதவீதமாக இருந்த அவர்கள் நிலம் 1938-இல் 25 சதவீதம் ஆனது. அவர்களைப் பழிக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இங்கே எத்தனையோ ஊருணிகள் அவர்கள் வெட்டியவை, எங்கள் குடிதண்ணீரும் அதுதான். ஆனால் பணம் ரங்கூனுக்குப் போனால் அது தொழில் திறமை, குத்தகைக்காரர் மகன் திருப்பூருக்குப் போனால் சோம்பேறித்தனமா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வாரம் தவறாமல் கேமராவோடு வருகிறார்கள். தேக்குத் தூணையும் ஆத்தங்குடித் தரையையும் படம் எடுக்கிறார்கள். 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டுக் கிராமங்கள் இடம்பெற்றதில் எனக்கும் பெருமைதான். அந்த வீடுகளிலிருந்து கூப்பிடு தூரத்தில் கண்மாய்க் கரை உடைந்து கிடக்கிறது. அதை ஒருவரும் படம் எடுத்து நான் பார்த்ததில்லை.

அப்பாவுக்கு இப்போது எழுபத்து நான்கு வயது. ஒவ்வொரு புரட்டாசியிலும் அரிவாளோடு போய் வரப்பில் முளைத்த கருவேலங்கன்றுகளை வெட்டிவிட்டு வருகிறார். வேர் இறங்கிவிட்டால் வரப்பு இருந்த இடமே தெரியாமல் போய்விடும் என்கிறார்.