டொமைன் யார் பெயரில் இருக்கிறது?

கேள்வி: மதுரை விளக்குத்தூண் அருகே சுங்குடிச் சேலை மொத்த வியாபாரம் செய்கிறேன். கடைப் பெயரில் மின்னஞ்சல் இருக்கிறது. ஆண்டுதோறும் பணம் கட்டுகிறோம். கணினி பராமரிப்பவர், கடையிலேயே 'மெயில் சர்வர்' வைக்க வேண்டும் என்கிறார். தண்டர்பேர்டு போதும், இலவசம் என்கிறான் மகன். எது சரி?

பதில்: மகன் சொல்வதே சரி. சேலைக் கட்டை மேசையில் கட்டி, முகவரி எழுதி, பார்சல் ஆபீசில் போடுகிறீர்கள் அல்லவா? கடிதம் எழுதவும் படிக்கவும் உதவும் தண்டர்பேர்டு, அவுட்லுக் போன்ற மென்பொருள்கள் எல்லாம் அந்த மேசை. சரக்கை ஊர் ஊராக அனுப்பி, வந்ததை இறக்கி வைக்கும் பார்சல் ஆபீஸ்தான் சர்வர். போஸ்ட்ஃபிக்ஸ், எக்ஸ்சேஞ்ச் போன்றவை அங்கே ஓடும் மென்பொருள்கள். நீங்கள் கட்டும் பணம் அந்த ஆபீசுக்குத்தான். இன்னொன்றைக் கடைக்குள் கட்டுவானேன்?

கட்டினாலும் பயனில்லை. சாதாரண பிராட்பேண்டில் ஐபி எண், அதாவது இணையத்தில் உங்கள் இணைப்பின் முகவரி எண், பெரும்பாலும் மாறிக்கொண்டே இருக்கும். அங்கிருந்து போகும் கடிதங்களை ஜிமெயில் போன்றவை திருப்பி அனுப்பும், அல்லது ஸ்பேமில் தள்ளும். தள்ளியதை உங்களுக்குச் சொல்லவும் மாட்டார்கள். நேர்மையான வியாபாரி எந்தக் கதவைத் தட்டுவது?

ஒன்றை மட்டும் கவனியுங்கள். தண்டர்பேர்டில் கணக்கைச் சேர்க்கும்போது ஐமேப், பாப் என்று இரண்டு வழிகள் வரும். ஐமேப்பில் கடிதங்கள் சர்வரிலேயே இருக்கும். எந்தக் கணினியிலும் பார்க்கலாம். பாப் அவற்றைக் கணினிக்கு இறக்கிவிடும். 'சர்வரில் பிரதி வைத்திரு' என்பதைத் தேர்வு செய்யாவிட்டால் சர்வரில் அழிந்துவிடும். பிறகு ஹார்டு டிஸ்க் போனால் ஆர்டர்களும் போயின. பழைய கணினியில் பாப் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் பிரதி எடுத்த பிறகே அதில் கை வையுங்கள்.

சர்வரைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. கடைப் பெயரிலான டொமைன், அதாவது உங்கள் மின்னஞ்சல் முகவரியில் '@' குறிக்குப் பின்னால் வரும் பெயர், யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? என்னிடம் வந்த ஒரு உதிரிபாகக் கடைக்காரர் ஆறு ஆண்டுகள் பணம் கட்டியிருந்தார். பதிவோ இடைத்தரகர் பெயரில். தகராறு வந்ததும் அந்த ஆள் கடவுச்சொல்லைத் தர மறுத்துவிட்டார். அச்சடித்த விசிட்டிங் கார்டுகள் அத்தனையும் வீண்.  பதிவுக் கணக்கின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் இந்த வாரமே கேட்டு வாங்கி, உரிமையாளர் இடத்தில் உங்கள் பெயரைப் போடுங்கள். அங்கே தரும் தொடர்பு மின்னஞ்சல் மட்டும் கடைப் பெயரில் வேண்டாம்; டொமைன் முடங்கினால் அதுவும் சேர்ந்தே முடங்கும். தனியாக ஒரு ஜிமெயில் முகவரி கொடுங்கள்.